தட்டைப்பயறு வயலில் பறக்கும் மஞ்சள்-கறுப்பு ஈ: எந்த இனம், எப்படி உறுதி செய்வது?

கேள்வி: மேலூர்ப் பக்கம் தட்டைப்பயறு வயல். அசுவினி அப்பிய கொழுந்துகளுக்கு மேல் தேனீ மாதிரி ஒரு சின்னப் பூச்சி அந்தரத்தில் நின்று நின்று பறக்கிறது. நீளம் 9 மி.மீ. இருக்கும். வயிறு கறுப்பு, அதில் மஞ்சள் பட்டைகள். மார்பின் இரண்டு ஓரத்திலும் மஞ்சள் கோடு. கண்கள் இரண்டும் உச்சந்தலையில் ஒட்டியிருக்கின்றன. மேலிருந்து எடுத்த மூன்று படங்கள் இருக்கின்றன. ஒரு பூச்சியைப் பிடித்தும் வைத்திருக்கிறேன். இது என்ன இனம்? படத்தை வைத்தே சொல்லிவிட முடியுமா?

பதில்:

இஸ்கியோடான் ஸ்குடெல்லாரிஸ் என்ற சிர்பிட் ஈயின் (அந்தரத்தில் நின்று பறக்கும் ஈக் குடும்பத்தில் ஒன்று) ஆணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மதுரைச் சமவெளியில், பயறு வயலில், அசுவினிக் கூட்டத்துக்கு மேல், இந்த அளவில் பறக்கும் சிர்பிட் ஈக்களில் முதலில் நினைக்க வேண்டிய பெயர் அதுதான். ஆனால் மேலிருந்து எடுத்த படத்தை வைத்து அதை முடிவாக எழுதிவிட முடியாது. இந்தக் குடும்பத்தில் வயிற்றுப் பட்டைதான் முதலில் கண்ணில் படும்; நம்பக் கூடாதவற்றில் முதலிடமும் அதற்குத்தான். பூச்சி கையில் இருப்பது நல்லதாயிற்று. முடிவு சொல்லும் அடையாளம் பின்னங்காலின் அடியில் இருக்கிறது, அது மேலிருந்து தெரியாது.

முதலில் இது சிர்பிட் ஈதானா என்று பார்த்துவிடுங்கள். தேனீக்கும் குளவிக்கும் நான்கு சிறகுகள், ஈக்கு இரண்டு. பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலையளவுக்குச் சின்னதாய் ஒரு ஜோடி சமநிலை உறுப்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். தேனீயின் உணர்கொம்பு நீண்டு நடுவில் முழங்கை மடிந்தது போல் வளைந்திருக்கும். சிர்பிட் ஈக்குக் குட்டையான மூன்று கண்ணி, மூன்றாவது கண்ணியின் மேல் ஒரு மெல்லிய முடி. இது கொட்டாது; கொட்ட உறுப்பே கிடையாது.

நம் ஊர்ப் பந்தல் தோட்டங்களில் இதைவிடப் பெரிய குழப்பம் பழ ஈயோடுதான். பாகல், புடலை, பீர்க்கங்காயைத் துளைக்கும் பழ ஈக்கும் மார்பில் மஞ்சள் கோடுகள் உண்டு, நிறமும் குளவியை ஒத்திருக்கும். பழ ஈ காயின் மேல் சிறகை அகல விரித்தபடி நடக்கும். சிறகின் முன்விளிம்பில் பழுப்புக் கறை ஓடும். பெண்ணின் வால் நுனியில் முட்டையிடும் குழல் நீட்டிக்கொண்டிருக்கும். சிர்பிட் ஈ பூவிலும் அசுவினி இருக்கும் கொழுந்திலும்தான் உட்காரும், காயைத் தொடாது. இதைப் பழ ஈ என்று நினைத்து மருந்தடிக்கிறவர்கள் உண்டு. புழுப்பருவத்தில் அசுவினியைத் தின்னும் ஆளையே கொல்கிற வேலை அது.

குடும்பத்தை உறுதி செய்யச் சிறகைப் பாருங்கள். 10 மடங்கு லென்ஸ் போதும். வெளிச்சத்துக்கு எதிரே சிறகைப் பிடித்தால், நடுப்பகுதியில் இரண்டு நீள நரம்புகளுக்கு இடையே எதனோடும் சேராமல் தொடங்கி எதனோடும் சேராமல் முடியும் ஒரு மடிப்புக்கோடு தெரியும். அது உண்மையான நரம்பு அல்ல, தடித்த மடிப்பு. பொய்நரம்பு என்று வைத்துக்கொள்ளலாம். மிகச் சில விதிவிலக்குகளைத் தவிர சிர்பிட் ஈக்கள் எல்லாவற்றிலும் இது இருக்கும். கூடவே, சிறகின் வெளிப்பக்க நரம்புகள் விளிம்பைத் தொடாமல் அதற்கு இணையாகத் திரும்பி ஓடி, அறைகளை மூடிவிடும். இந்த இரண்டும் இருந்தால் சிர்பிடே குடும்பம். 1802-ல் லத்ரேய் வைத்த பெயர். உலகம் முழுவதும் 6,000-க்கு மேற்பட்ட இனங்கள் இதில் இருக்கின்றன.

அடுத்தது துணைக்குடும்பம். பலர் தடுமாறும் இடம் இது, ஆனால் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: தலைக்குப் பின்னால், மார்பின் முன்மூலைகள் இரண்டிலும் உள்ள தோள்மேடு. அதில் முடி இல்லாமல் வழுவழுவென்று இருந்தால் சிர்பினே. அசுவினி தின்னும் கூட்டம் பெரும்பாலும் இதில்தான் அடங்கும். முடி இருந்தால் எரிஸ்டாலினே பக்கம் போக வேண்டும் (எறும்புப் புற்றில் வளரும் மைக்ரோடான் வகைகளிலும் முடி உண்டு). சிர்பினேயில் தலையின் பின்பக்கம் குழிந்து தோள்மேட்டை ஒட்டி உட்கார்ந்திருப்பதால் அந்த இடம் மறைந்துவிடும். பூச்சி காய்வதற்கு முன்பே தலையை ஊசியால் லேசாக முன்னுக்குத் தள்ளிவிட்டால் பிறகு வேலை எளிது. காய்ந்தபின் தள்ளினால் தலை கையோடு வந்துவிடும்.

எரிஸ்டாலினேயை ஓரிரு வரியில் முடித்துவிடலாம், ஏனென்றால் உங்கள் ஈ அதில் இல்லை. வைகைக் கரையில் கழிவுநீர் தேங்கும் குட்டை, கண்மாய் ஓரச் சேறு, தொழுவத்துச் சாணக்கரைசல் தேங்கிய குழி, இங்கெல்லாம் நீண்ட வால் போன்ற மூச்சுக்குழலோடு நெளியும் புழு இந்தக் கூட்டத்துடையது. பெரிய ஈக்கள், தேனீயின் பருமன். சிறகின் ஒரு நீள நரம்பு கீழ்நோக்கி ஆழமாக வளைந்து தொங்கும். கண்ணில் புள்ளியோ பட்டையோ இருந்தால் எரிஸ்டாலினஸ் பேரினத்தை முதலில் பாருங்கள். கண் நிறம் செத்தபின் மங்கும் என்பதால் உயிரோடு இருக்கும்போதே அருகில் படமெடுக்க வேண்டும்.

சிர்பினேக்குள் மதுரைச் சமவெளியில் உங்கள் ஈயோடு குழம்பக்கூடியவை நான்கைந்துதான். பாராகஸ் சின்னது, 4 முதல் 6 மி.மீ.; கண்ணில் முடி இருக்கும். இஸ்கியோடானின் கண்ணில் முடி இல்லை. எபிசிர்பஸ் நீளத்தில் ஒத்திருக்கும், ஆனால் வயிறு ஆரஞ்சு, அதன் 3, 4-வது தட்டுகள் (வயிற்றின் மேல்பக்கக் கண்டங்கள்) ஒவ்வொன்றிலும் தடித்த கறுப்புப் பட்டை ஒன்றும் மெல்லிய கறுப்புப் பட்டை ஒன்றுமாக இரண்டிரண்டு இருக்கும். மார்போரத்தில் கூர்மையாக வெட்டிய மஞ்சள் கோடு கிடையாது. டைடியோப்சிஸ் ஏக்ரோட்டாவின் சிறகு நடுவே கரும்பழுப்புக் கறை இருக்கும், தூரத்திலிருந்தே தெரியும். அசார்கினா அகன்று தட்டையான ஆரஞ்சு வயிறு, தட்டுகளின் விளிம்பில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு.

உண்மையான சிக்கல் ஸ்பேரோபோரியாவோடுதான். அதற்கும் மார்போரத்தில் மஞ்சள் கோடு, கறுப்பில் மஞ்சள் பட்டை, முடியில்லாத கண், மஞ்சள் முகம். மேலிருந்து எடுத்த படத்தில் இரண்டையும் பிரிக்க முயல்வது வீண் வேலை. வித்தியாசம் மூன்று இடத்தில் இருக்கிறது. ஸ்பேரோபோரியாவின் வயிறு ஒடுங்கி இரு பக்கமும் இணையாக ஓடும், ஓரத்தில் விளிம்பு கட்டியிருக்காது. இஸ்கியோடானின் வயிறு சற்று அகலம், ஓரத்தில் மெலிதான விளிம்பு தெரியும். ஸ்பேரோபோரியா ஆணின் வால் நுனியில் இனப்பெருக்க உறுப்பு உருண்டு பெரிதாகப் புடைத்திருக்கும். மூன்றாவதுதான் முடிவு சொல்வது: இஸ்கியோடான் ஆணின் பின்னங்காலில், இடுப்புக்கணுவுக்கும் தொடைக்கும் நடுவே உள்ள டிரோகாண்டர் என்ற சிறு கணுவிலிருந்து ஈச்ச முள் போல ஒரு நீட்டம் கீழ்நோக்கி நிற்கும். ஸ்பேரோபோரியாவில் அது இல்லை.

ஆக, நீங்கள் பிடித்ததைக் கவிழ்த்து வைத்து, 20 மடங்கு பெருக்கத்தில் பின்னங்கால் அடியைப் பாருங்கள். முள் இருந்தால் இஸ்கியோடான் ஆண், சந்தேகம் தீர்ந்தது. இந்தப் பேரினத்தில் ஈஜிப்டியஸ் என்ற நெருங்கிய உறவு ஆப்பிரிக்கப் பக்கத்தது; நம் சமவெளியில் கிடைப்பது ஸ்குடெல்லாரிஸ். முள் தெரியவில்லை என்றால் உடனே வேறு இனம் என்று தாவ வேண்டாம்: கால் மடங்கி உடம்போடு ஒட்டியிருந்தாலும் தெரியாது. நுனி வளைத்த மெல்லிய ஊசியால் தொடையை வெளிப்பக்கம் இழுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

பெண் பிடிபட்டால் இந்த முள் உதவாது. உச்சந்தலையில் கண்கள் ஒட்டாமல் நடுவே இடைவெளி இருந்தால் அது பெண். (ஒட்டியிருந்தால் ஆண் என்பது சிர்பினேக்குப் பொருந்தும், எரிஸ்டாலினேயிலும் மைக்ரோடானிலும் ஆணுக்கும் கண் பிரிந்திருக்கும் பேரினங்கள் உண்டு.) பெண்ணை முடியில்லாத கண், கறுப்புக் கோடில்லாத மஞ்சள் முகம், மார்போர மஞ்சள், வயிற்று விளிம்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அதே செடியில் ஆணையும் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

வயிற்றுப் பட்டையை ஏன் இவ்வளவு தள்ளி வைக்கச் சொல்கிறேன் என்றால், அது வெப்பத்துக்கு மாறும். கூட்டுப்புழு குளிரில் வளர்ந்தால் பல சிர்பிட் இனங்களில் கறுப்பு அகன்று மஞ்சள் சுருங்கும். வெயிலில் வளர்ந்தால் மஞ்சள் விரியும். மார்கழியில் பிடித்ததும் சித்திரையில் பிடித்ததும் ஒரே இனமாக இருந்தும் இரண்டு இனம் போலத் தெரியலாம். கூட்டிலிருந்து அப்போதுதான் வந்த ஈ வெளுத்திருக்கும். பட்டினி கிடந்த ஈயின் வயிறு உள்வாங்கித் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பட்டை மெலிந்தது போல் காட்டும். சாராயத்தில் போட்ட ஈயில் மஞ்சளே பழுப்பாகிவிடும். இஸ்கியோடானின் 2-வது தட்டில் பக்கத்துக்கொன்றாக மஞ்சள் புள்ளி, 3, 4-வது தட்டுகளில் வளைந்த மஞ்சள் பட்டை என்பது பொதுவான அமைப்பு. அதைத் துணைச்சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுப்பதானால் நான்கு கோணம் வேண்டும்: மேலே, பக்கவாட்டு, நேர்முகம், விரித்த சிறகு. முகப்படத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸே போதும். காலை 7 முதல் 10 மணி வரை ஈ பூவில் நிதானமாக உட்காரும்; உச்சிவெயிலில் நிழலுக்குள் போய்விடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, அவரையும் தட்டைப்பயறும் கொத்தமல்லியும் பூத்து நிற்கும் மாதங்கள்தான் தேடுவதற்குத் தோது. வரப்பில் வெட்டுக்காயப்பூண்டும் தும்பையும் இருந்தால் அங்கேயே காத்திருக்கலாம்.

பிடித்ததைப் பதப்படுத்தும் முறை. எத்தில் அசிடேட் சில துளி விட்ட பாட்டிலில் போட்டுக் கொல்லலாம். இல்லையென்றால் டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் ஓரிரவு. பாட்டிலுக்குள் கசங்கிய டிஷ்யூ காகிதம் வையுங்கள். ஈரம் வியர்த்தால் முடிகள் உடம்போடு ஒட்டிக்கொண்டு, தோள்மேட்டில் முடி இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாமல் போகும். செத்த சில மணி நேரத்துக்குள், மார்பின் நடுக்கோட்டுக்குச் சற்று வலது பக்கமாகப் பூச்சியூசியைக் குத்த வேண்டும். நடுவில் குத்தினால் மார்பின் கோடுகள் நாசமாகும். ஓரமாகத் தள்ளினால் ஒரு பக்கமாவது முழுசாக மிஞ்சும். தையல் குண்டூசி துருப்பிடிக்கும், வேண்டாம். பாராகஸ் போன்ற சின்னதுக்கு மைக்ரோ ஊசியில் குத்தி, சிறு நுரைத்துண்டில் நிறுத்தி, அந்தத் துண்டைப் பெரிய ஊசியில் ஏற்றுங்கள். உடம்பு நெகிழ்வாக இருக்கும்போதே பின்னங்காலை வெளியே இழுத்து, சிறகை உடம்பிலிருந்து விலக்கி, ஆணாக இருந்தால் வால் நுனியையும் வெளியே இழுத்து வைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே காய்ந்து விறைத்துவிட்டது என்றால், அடியில் ஈரமணலும் அதன்மேல் ஒரு மூடியும் வைத்த டப்பாவில் ஓரிரவு அடைத்து வையுங்கள், இளகிவிடும். இரண்டு நாள் விட்டால் பூஞ்சை பிடிக்கும். நம் ஊரில் சேகரிப்பை அழிப்பது எறும்பு, தோல்வண்டு, ஐப்பசி-கார்த்திகை ஈரம் ஆகிய மூன்றும்தான். இறுக மூடும் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், நாப்தலீன் உருண்டை. பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தும் பழைய வழி இன்றும் பலிக்கிறது.

சீட்டு இல்லாத பூச்சிக்கு மதிப்பு இல்லை. ஊர், வட்டம், மாவட்டம், நான்கு தசம இடம் வரை அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, எந்தச் செடியில், பிடித்தவர் பெயர். மாதத்தை எண்ணில் எழுதாமல் எழுத்தில் எழுதுங்கள். 5-6 என்றால் ஜூன் 5-ஆ மே 6-ஆ என்று பிற்பாடு யாருக்கும் தெரியாது. செடியின் பெயரோடு அசுவினியின் நிறத்தையும் எழுதினால் இன்னும் நல்லது.

ஸ்பேரோபோரியாவும் பாராகஸும் இனம் வரை போக வேண்டுமானால் ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும், குறுக்குவழி இல்லை. வால் நுனியைத் துண்டித்து, 100 மி.லி. தண்ணீரில் 10 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைத்த கரைசலில் போட்டு, சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 5 முதல் 10 நிமிடம் சூடாக்கலாம்; அல்லது அறைவெப்பத்தில் ஓரிரவு. சதை கரைந்து கூடு மட்டும் மிஞ்சும். அதிக நேரம் விட்டால் கூடே கண்ணாடியாக வெளுத்து, விளிம்புகள் தெரியாமல் போகும். பிறகு தண்ணீரில் அலசி, சில துளி வினிகர் விட்ட தண்ணீரில் ஒரு முறை முக்கி, கிளிசரினுக்கு மாற்றிப் பாருங்கள். இந்தக் கரைசல் தோலை அரிக்கும், கையுறை அவசியம். பார்த்து முடித்ததைக் கிளிசரின் உள்ள குட்டிக் குப்பியில் போட்டு அதே ஊசியில் குத்தி வைக்க வேண்டும். தனி டப்பாவில் போட்டால் எது யாருடையது என்று தெரியாது.

மரபணு வரிசைக்கு அனுப்புகிறவர்கள் ஒரு காலைக் கழற்றி 95 சதவீத எத்தனாலில் போடுவார்கள். நடுக்காலைக் கழற்றுங்கள். பின்னங்காலைப் பிய்த்தால் முள்ளும் டிரோகாண்டரும் சேர்ந்து போய்விடும். வழக்கமாகப் படிப்பது சிஓஐ என்ற மரபணுவின் 658 எழுத்துத் துண்டு. அதை மட்டும் நம்பி இனம் எழுதுவதும் சரியல்ல. ஸ்பேரோபோரியாவில் வெவ்வேறு இனங்களுக்குக்கூட அந்தத் துண்டு கிட்டத்தட்ட ஒன்றாக வரும்.

புழுவிலிருந்து வளர்த்து எடுப்பது இன்னொரு நல்ல வழி. உங்கள் வயலில் அது சுலபமும்கூட. அசுவினிக் கூட்டத்துக்குள் கால் இல்லாத, தலைப்பக்கம் கூர்ந்த, பச்சையோ பழுப்போ ஆன புழுவைத் தேடுங்கள். இலையில் கறுப்புப் பசையாகக் கழிவு சிந்தியிருந்தால் புழு பக்கத்தில்தான் இருக்கும். பயறு கிடைக்காத மாதத்தில் எருக்கஞ்செடியில் மஞ்சள் அசுவினி அப்பியிருக்கும் கொழுந்தைப் பாருங்கள். டப்பாவுக்கு ஒரு புழு மட்டும். இரை குறைந்தால் ஒன்றையொன்று தின்னும். வாய்க்கு மஸ்லின் துணி, அடியில் டிஷ்யூ, தினமும் அசுவினியோடு புதுக்கொழுந்து. ஒரு வாரம் பத்து நாளில் கூட்டுப்புழு ஆகும், அதன்பின் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈ வரும். சில கூடுகளிலிருந்து ஈக்குப் பதில் ஒல்லியான குளவி வரும். டிப்ளாசான் என்ற ஒட்டுண்ணிக் குளவிதான் பெரும்பாலும். அதையும் தேதி எழுதிப் பத்திரப்படுத்துங்கள், வீணில்லை. ஈ வந்தால் உடனே கொல்லாமல் ஒரு நாள் விட்டு வையுங்கள், நிறம் ஏறட்டும். காலிக் கூட்டை அட்டைத்துண்டில் ஒட்டி அதே ஊசியில் ஏற்றுங்கள்.

எங்கே பிடிக்கிறோம் என்பதையும் கவனியுங்கள். பட்டா நிலத்தில் சொந்தக்காரர் சம்மதம் போதும். அழகர்மலைக் காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் வலையை வீசக் கூடாது. உங்கள் மேலூர்ப் பக்கத்திலேயே உள்ள அரிட்டாபட்டி 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே படம் மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

கடைசியாக, பெயரை எழுதும் விதம். முழு வகைப்பாடு: டிப்டெரா வரிசை, சிர்பிடே குடும்பம், சிர்பினே துணைக்குடும்பம், சிர்பினி குலம், இஸ்கியோடான் பேரினம், ஸ்குடெல்லாரிஸ் இனம். இனத்தை விவரித்தவர் பாப்ரிசியஸ், 1805; தரங்கம்பாடி டேனிஷ் குடியிருப்பிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பூச்சிகள் பலவற்றுக்குப் பெயர் வைத்த அதே ஆள். அவர் வைத்தபோது அது வேறு பேரினத்தில் இருந்தது, இஸ்கியோடான் என்ற பேரினத்தை 1913-ல் சாக் உண்டாக்கினார். அதனால்தான் பாப்ரிசியஸ் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் எழுதுகிறோம். அடைப்புக்குறியை விட்டால் பொருள் மாறிவிடும். 1923-ல் புருனெட்டி இந்தியச் சிர்பிட் ஈக்களுக்கு எழுதிய அடையாளத் திறவுகோலை இன்றும் பயன்படுத்துகிறார்கள், ஆனால் அதிலுள்ள பேரினப் பெயர்கள் பல மாறிவிட்டன. அதில் வரும் பெயரை அப்படியே சீட்டில் எழுதாதீர்கள்.

முள்ளைக் கண்ணால் பார்த்திருந்தால் இனப்பெயரை முழுசாக எழுதி, அடையாளம் கண்டவர் பெயரும் ஆண்டும் சேருங்கள். பார்க்கவில்லை என்றால் 'இஸ்கியோடான் அல்லது ஸ்பேரோபோரியா, ஆண்' என்று எழுதி நிறுத்துங்கள். படத்தில் மட்டும் பார்த்த பாராகஸுக்குப் பேரினத்தோடு நிறுத்துங்கள். சந்தேகம் தீராத மாதிரிகளை ஒத்தக்கடைப் பக்கமுள்ள வேளாண் கல்லூரியின் பூச்சியியல் துறையில் காட்டலாம். வகைப்பாட்டு வேலைக்கென்று பெங்களூருவில் தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் இருக்கிறது. அனுப்பும்போது ஊசியோடு நுரைப்பலகையில் ஆழமாகக் குத்தி, அந்தப் பெட்டியைப் பஞ்சு சுற்றிய இன்னொரு பெட்டிக்குள் வையுங்கள். ஒரே பெட்டியில் அனுப்பினால் தபாலில் கால் உடைந்து போய்ச் சேரும்.